கனவு வராத இஸ்திகாரா

ஜனவரி 3, புதன்

இன்று இரண்டு சட்டி தொதல் கிண்டினோம். தேங்காய் ஒன்றுகூட அழுகல் இல்லை. கருப்பட்டியும் நல்ல நிறம். மதியம் கரண்ட் போய் வந்தது. சாயந்தரம் கலீல் ரகுமானுடைய லாத்தா எங்கள் வீட்டுக்கு வந்து, தன் தம்பிக்கு என்னைப் பெண் கேட்டார். இரவுக்குச் சூடைமீன் ஆணம்.

நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டேன். இதில் எதற்கும் நான் தனி முக்கியத்துவம் கொடுக்கவில்லை.

இருந்தாலும் பின்னால் எடுத்துப் படித்தால் எனக்கே புரிய வேண்டுமல்லவா, அதற்காகக் கொஞ்சம் விவரம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அல்வா போலக் கிண்டுகிற தொதல்தான் என் கடைச் சரக்கு. கலீல் ரகுமான் நாகூர்க்காரர். கப்பலில் சமையல் வேலை. கரைக்கு வரும்போது எங்கள் ஊரில் குடியிருக்கும் அவர் அக்கா, அதாவது லாத்தா, வீட்டில்தான் தங்குவார். போன மாதம் என் கடை ஜன்னலுக்கு வந்து கப்பல்காரர்களுக்கு என்று தொதல் கேட்டார். ருசி பார்க்க ஒரு துண்டு கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிறகு, "ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்க" என்றார்.

"தொதலுக்கு யாராச்சும் உப்பு போடுவாங்களா? உங்க நாகூர்ல கடல் தண்ணியிலயே காய்ச்சிருவீங்களோ?" என்று கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார், வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காக மறுநாள் ஒரு சிட்டிகை போட்டேன். தப்பில்லை. இதை என்னோடு சட்டி கிண்டும், என்னையும் லாத்தா என்று கூப்பிடும் ஹசீனாவிடம் மட்டும்தான் சொன்னேன். ஹசீனா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

லாத்தா பெரிய தாம்பாளம் நிறையப் பழம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "முப்பதாம் தேதி கெளம்புறான். உங்களுக்குச் சரின்னா அதுக்கு முந்தி எளிமையா நிக்காஹ் வச்சுக்குவோம். இல்லன்னாலும் சொல்லிருங்க, ஒரு வருத்தமும் இல்ல" என்றார். எங்கள் வீட்டுப் பழக்கம், தாம்பாளம் திரும்பும்போது பதிலும் அதோடு போகும். நிறைந்து போனால் சம்மதம், காலியாகப் போனால் இல்லை.

உம்மா என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார்.

"எனக்கென்ன, உங்க இஷ்டம்" என்றேன். ஆப்பிள் நல்ல ஆப்பிள்.

ஜனவரி 4, வியாழன்

காலையிலேயே இடைக்கதவு திறந்துகொண்டது. மூத்தம்மா. உம்மாவின் கூடப்பிறந்த அக்கா ஜெய்னம்பு. எங்கள் ஊரில் வீடு பெண்மக்களுக்குத்தான்; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் அக்கா தங்கை வீடுகள் ஒட்டியே இருக்கும், நடுவில் ஒரு கதவும் இருக்கும். எங்கள் இடைக்கதவுக்குத் தாழ்ப்பாள் எங்கள் பக்கம் கிடையாது.

"ஒருத்தரும் பேச வேணாம். இஸ்திகாரா பாப்போம்" என்றார் மூத்தம்மா.

ஒரு காரியம் செய்வதா வேண்டாமா என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதைக் கொடு என்று இறைவனிடம் கேட்பதுதான் இஸ்திகாரா. எங்கள் தெருவில் அது கொஞ்சம் வளர்ந்துவிட்டது. தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வர வேண்டும். வெள்ளை, பச்சை, தண்ணீர் வந்தால் நல்லது. கறுப்பு, சிவப்பு, நெருப்பு வந்தால் வேண்டாம். அதிலும், யாருடைய காரியமோ அவர் தொழ வேண்டும் என்றில்லை. பேறுள்ள கையில் கொடுத்துவிட்டால் அவர்கள் தொழுது, அவர்கள் தூங்கி, அவர்கள் கனவு கண்டு சொல்லிவிடுவார்கள். அந்தப் பேறுள்ள கை எங்கள் மூத்தம்மாவுடையது. மூன்று தெருக்காரர்கள் அவரிடம் வந்து கனவு கேட்டுப் போகிறார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோதும் அவர்தான் பார்த்தார். வெள்ளைப் புறா ஒன்று எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்ததாம். நிக்காஹ் அன்று சம்மதமா என்று கேட்க வந்தார்கள். நான் தலை குனிந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புறா இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது. பிறகு வேறொரு முற்றம் பார்த்துப் பறந்துவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் நான் பட்டதை எழுதி இந்தப் பக்கத்தை வீணாக்க மாட்டேன்.

மதியம், பெண்கள் கூடி ஓதும் தைக்காவில் வாசிப்பு. ஒவ்வொரு வியாழனும் திருமறையின் தமிழ் அர்த்தத்தை நான்தான் உரக்க வாசிக்கிறேன். படிப்பாளி என்பதற்காக இந்த வேலை வரவில்லை. என் குரல் கடைசி வரிசை வரை போகும், அதனால் வந்தது. கவிஞர்கள் அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்தது எறும்பு.

ஜனவரி 5, வெள்ளி

இஸ்திகாரா பங்கு பிரித்தாகிவிட்டது. மூத்தம்மா ஒன்று, உம்மா ஒன்று, சென்னையில் கடை வைத்திருக்கும் என் அண்ணன் செய்யது காக்கா ஒன்று. வாப்பா மவ்த்தான பிறகு காக்காதான் என் வலீ. அவர் முன்னின்று நடத்தினால்தான் நிக்காஹ்.

"நானும் தொழுவவா?" என்று கேட்டேன்.

"தொழு. நல்லதுதான். ஆனா உன் கனவு கணக்குல வராது. உனக்கு அனுபவமில்ல" என்றார் மூத்தம்மா.

ஜனவரி 6, சனி

தொழுதேன், படுத்தேன், தூங்கவில்லை. ஒரே புழுக்கம். உம்மா பக்கத்தில் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினார். வயதானவர்களுக்குப் புழுக்கம் தெரிவதில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

முடிவுகள் வந்தன.

உம்மா கனவில் வாப்பா வந்தாராம். தொதல் சாப்பிட்டாராம், இன்னொரு துண்டு கேட்டாராம், சிரித்தாராம். உம்மா இதைச் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது இஸ்திகாரா கனவில்ல, உன் புருஷன் ஞாவகம்" என்று மூத்தம்மா தள்ளிவிட்டார்.

காக்கா எழும்பூரில் ரயிலைத் தவறவிட்டதாகக் கனவு கண்டிருக்கிறார். பெட்டி போய்விட்டதாம், செருப்பு மட்டும் கையில் இருந்ததாம். போனில் அரைமணி நேரம் செருப்பின் நிறம் பற்றி விசாரணை நடந்தது. பழுப்பு. பழுப்புக்குச் சட்டம் கிடையாது.

மூத்தம்மா கண்டது: தரையில் ஒரு கப்பல், அதன் மேல் ஒரு காக்கா. இதை அவர் மிகவும் மெதுவாகச் சொன்னார். காக்கா என்றால் எங்கள் அண்ணன் செய்யது காக்கா இல்லை, கறுப்புக் காகம் என்பதை இரண்டு தடவை விளக்கினார்.

"நீ என்ன கண்டே?" என்று என்னைக் கேட்டார்கள்.

"தூங்கலை. புழுக்கம்" என்றேன்.

ஹசீனா சட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவதுபோல் ரொம்ப நேரம் இருந்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. சிரித்தால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

ஜனவரி 8, திங்கள்

தூக்கம் இல்லை. டீயைக் குறைக்க வேண்டும்.

ஜனவரி 9, செவ்வாய்

தொதல் அடிப்பிடித்துவிட்டது. கடை தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஆனதில்லை. துடுப்பு என் கையில்தான் இருந்தது, கிண்டிக்கொண்டும்தான் இருந்தேன். "லாத்தா, நீங்க சட்டிக்கு வெளிய கிண்டிக்கிட்டு ஈக்கிறிய" என்றாள் ஹசீனா. பொய். கொஞ்ச நேரம்தான்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் அவர். கருகின வாசம் தெருமுனை வரை போயிருக்கும் போல.

"அரைக் கிலோ" என்றார்.

"இன்னைக்கு இல்ல. அடிப்பிடிச்சிருச்சு."

"அதையே குடுங்க. கப்பல்ல நான் கருக்குனதத் திங்கிறவங்கதான் எல்லாரும்."

ஹசீனா பொட்டலம் கட்டினாள். வேண்டுமென்றே மெதுவாகக் கட்டினாள். அவர் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கனவு ஏதும் வந்துச்சா உங்களுக்கு?"

"தூங்குனாத்தானே வரும்" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, அதற்குத் தாழ்ப்பாள் இல்லை.

அவர் ஜன்னல் கம்பியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சொன்னார்: "எனக்கும் தூக்கமில்லீங்க."

நான் சொன்னது புழுக்கத்தை. அவரும் புழுக்கத்தைத்தான் சொல்லியிருப்பார். நாகூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளாது.

அவர் போன பிறகு ஹசீனா கேட்டாள்: "லாத்தா, கருகின தொதலுக்கு ஏன் முந்திரிய அள்ளி வச்சிய?"

கவனிக்கவில்லை.

ஜனவரி 11, வியாழன்

தைக்காவில் கவிஞர்கள் அத்தியாயம் முடிந்தது. அடுத்த வாரம் எறும்பு. வாசிக்கும்போது இரண்டு வரி விட்டுவிட்டேன் என்று முன்வரிசையிலிருந்து மூத்தம்மா கையைத் தூக்கினார். கனவுக்காரருக்குக் காதும் கூர்மை.

ஜனவரி 13, சனி

இரண்டாம் சுற்று. மூத்தம்மா மறுபடி தொழுது கண்டது: ஒரு கறுப்பு ஆடு எங்கள் வீட்டுப் பச்சைத் திரையைத் தின்றது.

"இதுக்கு மேல என்னம்மா வேணும்? பச்சைய கறுப்பு தின்னுது. வேணாம்னு உத்தரவாயிருச்சு. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பொறவு தாம்பாளத்த நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தர்றேன்."

 உம்மா தாம்பாளத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், எட்டாத இடத்தில் வைத்தார். காக்காவுக்கு போன் போட்டார்கள். "மூத்தம்மா சொன்னா சரிதான். ஆளும் வெளியூரு, கப்பல் பொழப்பு. நமக்கு எதுக்கு வம்பு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

ஜனவரி 14, ஞாயிறு

ஜாதிக்காய் போட்ட பால் குடித்துவிட்டுப் படுத்தேன். கடைசியில் தூக்கம் வந்தது, கனவும் வந்தது. மூத்தம்மாவைக் கறுப்பு ஆடு தெரு முழுக்கத் துரத்தியது. நான் ஜன்னலில் நின்று ஆட்டுக்கு வழி சொன்னேன். கணக்கில் வராத கனவு என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

எனக்கு ஒன்றும் இல்லை. நல்லதாகப் போயிற்று. கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, குரல் இருக்கிறது. இன்று எல்லாச் சட்டியையும் வெளியே போட்டுப் புளி தேய்த்துக் கழுவினேன். நேற்றுக் கழுவியதையும் கழுவினேன்.

தேங்காய் துருவும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. "லாத்தா, வெங்காயம்னாகூட ஒத்துக்குவேன்" என்றாள் ஹசீனா.

அவளை வைதுவிட்டு உள்ளே வந்தேன். அங்கேயும் நிற்கவில்லை. சரி, எழுதிவிடுகிறேன், இதை யார் பார்க்கப் போகிறார்கள்: எனக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறது. அவர் சிரிக்கும்போது ஜன்னல் கம்பிகூடச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்ததை நம்பலாமா என்பதுதான் பயம். புறாவையும் எல்லோரும் நம்பித்தான் கெட்டோம். நான் மட்டும் என்ன கண்டேன்?

ஜனவரி 17, புதன்

வேண்டுதல்கள் அச்சிட்ட துஆப் புத்தகத்தை எடுத்தேன். இஸ்திகாரா துஆ எனக்கு அரபியில் மனப்பாடம். சின்ன வயதில் பாட்டுப் போல ஓதிப் பழகியது. கீழே தமிழில் அர்த்தம் போட்டிருப்பதை இதுவரை நான் நின்று படித்ததில்லை. இன்று விரல் வைத்துப் படித்தேன்.

இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் இதை எனக்கு எளிதாக்கு. கெட்டதென்றால் இதை என்னை விட்டுத் திருப்பு, என்னையும் இதை விட்டுத் திருப்பு. நல்லது எங்கே இருந்தாலும் அதை எனக்குக் கொடு, அதில் என் மனதை நிறையச் செய். இவ்வளவுதான் விஷயம்.

கனவைத் தேடினேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. புறா இல்லை, ஆடு இல்லை, திரை இல்லை. தூங்கச் சொல்லிக்கூட எழுதவில்லை! எல்லாம் 'எனக்கு', 'என்னை', 'என் மனதை' என்றுதான் இருக்கிறது. எனக்குப் பதிலாக மூத்தம்மா தூங்க வேண்டிய இடம் எங்கேயும் வரவில்லை.

எளிதாக்கு என்று கேட்டிருக்கிறேன். என்னை அதை விட்டுத் திருப்பு என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டு வாரமாகத் திரும்புகிறேனா பார் என்று மனதைக் கேட்டேன். அது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஜனவரி 18, வியாழன்

இன்று பக்கம் நீளமாகப் போகும். மை இருக்கிறது.

தைக்கா நிறைந்திருந்தது. எறும்பு அத்தியாயம். எறும்பு பேசியது வந்தது, சுலைமான் நபி சிரித்தது வந்தது, கொண்டலாத்திப் பறவை செய்தி கொண்டுவந்தது வந்தது. அந்தச் செய்தி ஸபா நாட்டு அரசியைப் பற்றியது. அரசியின் பெயர் அந்த வரிகளில் இல்லை. ஆனால் வழிவழியாக அவளைப் பல்கீஸ் என்றுதான் சொல்லிவருகிறோம், அதனால் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பெயர் பல்கீஸ். "ராணி பேருல்ல வச்சேன்" என்று உம்மா நடுவரிசையிலிருந்து சொன்னார்.

அரசிக்குக் கடிதம் வருகிறது. அவள் தன் பிரதானிகளைக் கூப்பிட்டுச் சொல்கிறாள்: என் காரியத்தில் எனக்கு யோசனை சொல்லுங்கள், நீங்கள் இல்லாமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. அவர்கள் சொல்கிறார்கள்: நம்மிடம் பலம் இருக்கிறது, வீரம் இருக்கிறது. ஆனால் முடிவு உன்னுடையது. என்ன உத்தரவிடுவது என்று நீயே பார்த்துக்கொள்.

அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது.

கடைசி வரிசையிலிருந்து, "கேக்கல, கேக்கல" என்று சத்தம். மறுபடி வாசித்தேன். முடிவு உன்னுடையது. மூன்றாம் தடவையும் வாசித்தேன். அதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வாசித்தேன். ஹசீனா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். எத்தனை வருடமாக இந்த வரியை இவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்! கடைசி வரிசைக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை.

அரசி யோசனை கேட்டாள். பெரிய அரசி, கேட்பதில் அவளுக்கு வெட்கமில்லை. கேட்ட பிறகு அவளே முடிவு செய்தாள். நான் என்ன செய்தேன்? மூன்று பேரிடம் யோசனை கேட்டேன், முடிவையும் அவர்களிடமே விட்டேன். 'உங்க இஷ்டம்' என்று நான் சொன்ன அதே ஜனங்கள் எனக்குக் கெட்டது நினைப்பவர்கள் இல்லை. எனக்கு என்ன இஷ்டம் என்று தெரியாமல் பாவம், காக்கையையும் ஆட்டையும் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன்: "மூத்தம்மா, அந்த ராணிக்கு மந்திரிமாரு எத்தன கனவு கண்டு சொன்னாங்க?"

"அவங்களுக்கு ஏது கனவு? அப்ப அவங்க சூரியனக் கும்புட்டவங்க!"

"கனவு காணாதவங்களே முடிவு உன்னுதுன்னு சொல்லிருக்காங்களே. நீங்க ஓதுனவங்க, நீங்க சொல்லக் கூடாதா?"

மூத்தம்மா நடையை நிறுத்தினார். எதிரே ஒரு ஆடு வந்தது. பழுப்பு நிறம். இரண்டு பேரும் அதைப் பார்த்தோம், அது எங்களைப் பார்த்தது.

"உனக்கு அவன புடிச்சிருக்கா புள்ள?" என்று கேட்டார். இந்த இரண்டு வாரத்தில் இதை யாரும் கேட்கவில்லை. உம்மா முதல் நாள் கேட்டார், நான்தான் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப" என்றேன்.

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன! கால்வலியோட எத்தன ரக்அத் தொழுதுட்டேன்!"

ஜனவரி 19, வெள்ளி

சுப்ஹு தொழுததும் அடுப்பு மூட்டினேன். எடுத்த தேங்காயெல்லாம் நல்ல தேங்காய். சட்டி கொதி வருவதற்குள் காக்காவுக்கு போன் போட்டேன்.

"காக்கா, நீங்க சொன்ன யோசனையெல்லாம் கேட்டுக்கிட்டேன். எனக்குச் சம்மதம். நீங்க வந்து நிக்காஹ் நடத்திக் குடுங்க."

"மூத்தம்மா கனவு வேணாம்னு..."

"போன தடவ புறா வந்துச்சு காக்கா."

 அந்தப் பக்கம் கடையில் யாரோ ஆணி கேட்பது கேட்டது. பிறகு காக்கா சொன்னார், குரல் வேறு மாதிரி இருந்தது: "அந்தப் புறாவ நானும்தானே நம்புனேன். உன்ன ஒரு வார்த்த கேக்கல பாரு."  இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினோம். தொதல் அடிப்பிடிக்கப் பார்த்தது.

"கப்பல்காரரு நல்லவரான்னு நான் விசாரிப்பேன்."

"விசாரிங்க. அது உங்க வேல."

"சரி, டிக்கெட் எடுத்துர்றேன்."

"இந்தத் தடவ ரயில விட்றாதீங்க. செருப்பையும் பாத்துக்குங்க."

அண்ணன் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

தொதலில் ஒரு சிட்டிகை உப்பு போட்டேன், ஹசீனா பார்க்கும்படியே போட்டேன். உம்மா மேல்தட்டிலிருந்து தாம்பாளத்தை எடுத்தார். எட்டாத இடத்தில் வைத்தவருக்கு எடுக்க மட்டும் எப்படி எட்டியதோ. தாம்பாளம் நிறையத் தொதல் அடுக்கி, மேலே முந்திரி வைத்தோம்.

அரசியும் முதலில் பரிசைத்தான் அனுப்பினாள். அது திரும்பி வந்துவிட்டது. பிறகுதான் தானே புறப்பட்டுப் போனாள். எனக்கு அவ்வளவு நேரமில்லை, முப்பதாம் தேதி நெருங்குகிறது. பரிசோடு நானே போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன். ஆட்டோவில் நான், உம்மா, தாம்பாளம், மூத்தம்மா. "காலித் தாம்பாளத்தக் கொண்டுபோறதாத்தானே சொன்னிய?" என்று உம்மா கேட்டார். "நெறஞ்சத தூக்கவும் ஆள் வேணும்ல" என்றார் மூத்தம்மா.

லாத்தா வீட்டு வாசலைத் தாண்டினால் கூடம் முழுக்கத் தண்ணீர். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. புர்காவை இரண்டு கையாலும் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தாவி ஒரு எட்டு வைத்தேன். தண்ணீர் இல்லை. புதிதாகப் போட்ட பளபளப்புத் தரை. உள்ளே நின்ற கலீல் ரகுமான் அவசரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்குகிறது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது: அந்த அரசியும் சுலைமான் நபியின் மாளிகையில் கண்ணாடித் தரையைத் தண்ணீர் என்று நினைத்து ஆடையைத் தூக்கினாள். நேற்று நானே உரக்க வாசித்த வரி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்ற இடத்தில், புர்காவைப் பிடித்தபடி, வயிறு வலிக்கச் சிரித்தேன். பெண் கேட்ட வீட்டில் பெண் இப்படிச் சிரிப்பதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

லாத்தா தாம்பாளத்தைப் பார்த்தார், நிறைந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு துண்டு தம்பிக்குப் போயிற்று. அவர் சுவரைப் பார்த்தபடியே மென்றார்.

"உப்பு சரியா ஈக்குதா?" என்று கேட்டது மூத்தம்மா.

"எல்லாமே சரியா இருக்குங்க" என்றார் அவர்.

ஜனவரி 20, சனி

இஷா தொழுதுவிட்டுப் படுத்ததுதான் தெரியும். பாங்கு சொல்லும்போதுதான் விழித்தேன். கனவு ஒன்றும் இல்லை. புழுக்கமும் இல்லை.

ஜனவரி 24, புதன்

காக்கா வந்துவிட்டார், பெட்டியோடும் செருப்போடும். நாகூருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். குறை என்னவென்று உம்மா கேட்டதற்கு, "சிரிச்சிக்கிட்டே ஈக்கிறாரு, அதுதான்" என்றார்.

ஜனவரி 26, வெள்ளி

பந்தல், பாய், ஆட்டுக்கறி, கல்யாணத் தொதல். ஹசீனா என்னைச் சட்டிப் பக்கம் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கிண்டுவேனாம்.

ஜனவரி 28, ஞாயிறு

முடிந்தது. அதாவது, தொடங்கியது. சுருக்கமாக எழுதுகிறேன், வெளியே கூப்பிடுகிறார்கள்.

ஆண்கள் பந்தலில். நாங்கள் உள்ளறையில். காக்கா இரண்டு சாட்சிகளோடு வாசல் திரைக்கு வந்து நின்றார். அதே வாசல், அதே திரை, அதே பச்சை. பத்தொன்பது வயதில் தலை குனிந்து உட்கார்ந்த இடமும் அதேதான்.  இந்த முறை என் மௌனம் செல்லாது. ஒருமுறை மணமாகியிருந்த பெண் வாய் திறந்து சொன்னால்தான் சம்மதம். மார்க்கம் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறது என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

மூத்தம்மா என் காதில், "மெதுவா, அடக்கமாச் சொல்லு" என்றார். உம்மா என் முதுகில் கை வைத்திருந்தார்.

காக்கா கேட்டார். மாப்பிள்ளை பெயரையும் ஊரையும் அவர் எனக்குத் தரும் மஹரையும் சொல்லி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று நிறுத்தினார்.

"சம்மதம்!" என்றேன்.

தைக்காவின் கடைசி வரிசைக்கு வாசித்துப் பழகிய குரல் அது. திரை ஆடியது. பந்தலில் பேச்சு அப்படியே நின்றது. பிறகு ஒரு ஆள் மட்டும் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது, அது யார் என்று எனக்குத் தெரியும். பந்தல் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து, கறி வேண்டுமா என்று கேட்டுப் போனார்.

"அல்லாஹ்வே, ஊருக்கே கேட்டிருக்கும் புள்ள" என்று மூத்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் அடித்துக்கொண்டார்.

பத்தொன்பது வயதில் வாய் திறக்காமல் இருந்ததற்கும் சேர்த்துச் சொன்னேன். அதனால் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.